பாசிக்குடாவிலிருந்து பேர்கனுக்கு: பாய்ப்படகில் குளிருக்கு என்ன உடுப்பது?

கேட்டவர்: கல்லடிப் பாலம்

எனக்கு ஊர் கல்லடி. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நாலு வருடமாக வேலை. சுற்றுலா வருகிறவர்களுக்குச் சின்னப் பாய்ப்படகு ஓட்டப் பழக்குவேன். பெரியம்மாவின் மகன் நோர்வேயில், பேர்கனில் இருக்கிறார். அவரும் கூட்டாளிமார் மூன்று பேரும் சேர்ந்து 31 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மே மாதம் முதல் கிழமை வடக்குப் பக்கம் ஐந்து நாள் ஓடப் போகிறோம், நீயும் வா என்கிறார். விசாவும் கிடைத்துவிட்டது.

படகு ஓட்டப் பயமில்லை, குளிர்தான் பயம். நான் கண்ட குளிர் இரண்டே இரண்டு. நுவரெலியாவில் ஓர் இரவு. மற்றது 2022 டிசம்பர், மாண்டஸ் புயல் நேரம். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் மழையிலும் காற்றிலும் விறைத்துச் செத்தனவே, அந்தக் கிழமை. அன்றைக்கு நான் வீட்டுக்குள் இரண்டு போர்வைக்குள் கிடந்தேன்.

கையில் இருப்பவை: நுவரெலியா பேல் கடையில் எடுத்த இறகு ஜாக்கெட், இரண்டு ஜீன்ஸ், தடித்த பருத்தி ஹூடி, மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ரெயின்கோட். இது காணுமா? அண்ணனிடம் கேட்டால் "நீ வா, பார்ப்போம்" என்கிறார். அவர் கலியாணத்துக்கும் அப்படித்தான் சொன்னார்.

பதில்: வாழைச்சேனைத் துறை

நோர்வே எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் குளிர் தெரியும். ஆழ்கடல் படகில் போகிறவன் நான். நம் கடல் தண்ணீர் வெந்நீர் மாதிரி என்று கரையில் நிற்பவர்கள் சொல்வார்கள். வாடை மாதத்தில் விடியப்புறம் மூன்று மணிக்கு மழையோடு வலை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இழுக்கும்வரை ஒன்றும் தெரியாது. இழுத்து முடித்துக் குந்தினதும் பல் கிட்டும்.

நான் கண்டது ஒன்றுதான். உப்புத் தண்ணீரில் நனைந்த சாரன் வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கும், இரவானதும் திரும்ப ஈரித்துவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் காய்ந்த உடுப்பு ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருப்பேன். காட்டினால் யாராவது உடுத்திவிடுவார்கள்.

பதில்: பேர்கன் மழை

ஜீன்ஸை வீட்டிலேயே வை தம்பி. நான் ஆரையம்பதி. பேர்கனுக்கு வந்து 16 வருடம். இங்கே வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை, அதனால் உடுப்பைப் பற்றி ஆளுக்கு ஆள் புத்தி சொல்வார்கள். ஒன்றையும் காதில் போடாமல்தான் நான் முதல் தடவை படகேறினேன். ஜீன்ஸ், பருத்திப் பெனியன், மேலே இறகு ஜாக்கெட். உன்னுடைய பட்டியலேதான்.

காலை ஒன்பது மணிக்கு அணியத்தில், படகின் முன்பக்கத்தில், நின்று ஒரு அலை வாங்கினேன். பின்னேரம் ஐந்துக்குக் கரையேறும்போதும் ஜீன்ஸ் ஈரம். இறகு ஜாக்கெட் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒட்டிப்போனது. இறகு சூடு தருவது அதற்குள் காற்று நிற்பதால்தான். நனைந்து கட்டியானால் அது வெறும் பாரம். மறுகா என்ன, என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள், மிச்ச நேரம் மூட்டை முடிச்சோடு ஒரு மூட்டையாகக் கிடந்தேன். உன் ஜாக்கெட்டையும் கொண்டு வா, படகு கட்டின பிறகு கரையில் போடலாம்.

மேனியோடு ஒட்டி மெரினோ கம்பளி, மேலுக்கும் காலுக்கும் நீளமாக. கம்பளி என்றதும் அரிக்கிற போர்வையை நினைக்காதே, இது மெல்லிய நூல். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரம் என்று தெரியாது, சூடும் முழுக்கப் போகாது. வாங்க வசதியில்லையென்றால் உங்கள் விளையாட்டுக் கழக ஜேர்சி இருக்குமே, பொலியெஸ்டர், அதுவும் சரி. மூன்றாம் நாள் நாறும், அவ்வளவுதான். ஜட்டியும் பருத்தி வேண்டாம். சிரிக்காதே, எனக்குக் குளிர் தொடங்கினது இடுப்பில்தான்.

அதற்கு மேல் ஃபிளீஸ், பஞ்சு மாதிரி மெத்தென்ற பொலியெஸ்டர் சட்டை. தடித்தது ஒன்றைவிட மெல்லியது இரண்டு நல்லது, ஒன்றைக் கழற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் போகாத ஜாக்கெட்டும், நெஞ்சு வரை ஏறித் தோளில் பட்டி போடுகிற களிசானும். குனிந்து கயிறு இழுக்கும்போது முதுகு வெளியே தெரியாது. ஒன்றுக்குப் போவதுதான் பெரும் பாடு, முன்கூட்டியே யோசித்துக்கொள்.

மோட்டார் சைக்கிள் ரெயின்கோட் ஒரு நாளில் கிழியும். அதற்காக விலை கூடினதை வாங்கப் போகாதே. நாலு பேர் படகு வைத்திருந்தால் பழைய மழை உடுப்பு ஒன்றாவது கூடுதலாகக் கிடக்கும். இல்லாவிட்டால் இங்கே மீன்பிடிகாரர் போடுகிற பிவிசி உடுப்பு மலிவு. உள்ளே வேர்க்கும், ஆனால் ஒரு சொட்டும் போகாது. 1877இல் ஹெலி ஹான்சன் என்ற கப்பல் தலைவர் இந்த நாட்டில் மழைச்சட்டை செய்யத் தொடங்கியதே லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்துத்தான். அதைவிட பிவிசி எவ்வளவோ மேல். காசை உள்ளுடுப்பில் போடு, வெளியுடுப்பை இரவல் வாங்கு.

வேலை முடித்துக் குந்தினதும்தான் குளிரும் என்று வாழைச்சேனை அண்ணன் சொன்னதைத் திரும்ப வாசி. வேலை செய்கையில் கொஞ்சம் குளிரட்டும், இல்லாவிட்டால் வேர்த்து உள்ளேயிருந்து நனைவாய். சுக்கானைப் பிடித்து இருக்கப் போகுமுன் ஒரு ஃபிளீஸைப் போடு. நடுங்கத் தொடங்கின பிறகு போட்டால் உடம்பு சூடேற வெகு நேரம் எடுக்கும். 5 பாகையில் 20 நொட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், காற்றடித்தால் வெறும் மேனிக்கு 0 பாகை மாதிரி இருக்கும். மே தொடக்கத்து இரவில் அப்படி வரலாம்.

சப்பாத்து ஒரு அளவு பெரிதாக எடு. இறுகின பூட்ஸுக்குள் இரண்டு மேஸ் போட்டால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும்.

பதில்: கல்முனைச் சிறாங்கு

மகன், நான் கப்பலில் 22 வருடம். எல்லாரும் காற்றைச் சொல்கிறார்கள், நான் தண்ணீரைச் சொல்கிறேன். அங்கே அந்த நேரம் கடல் 10 பாகைக்குக் கீழே. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுக்கும். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உன் பேச்சைக் கேட்காது, ஆவென்று இழுக்கும். அந்த நேரம் நீந்தப் போகாதே, வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திரு. அதன் பிறகு கையும் காலும் உருப்படியாக வேலை செய்வது ஒரு பத்து நிமிடம்தான். உடுப்பைக் கழற்றாதே, அதற்குள் நிற்கிற காற்றும் மிதக்க உதவும்.

காற்று நிரம்புகிற உயிர்காப்பு அங்கியை எல்லா உடுப்புக்கும் மேலே போடு. மேலே ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டால் அது விரிகிறபோது நெஞ்சை நெரிக்கும். கால் இடுக்கால் வரும் பட்டியையும் மறக்காமல் மாட்டு, இல்லாவிட்டால் அங்கி தலைக்கு மேலே ஏறி நிற்கும், நீ கீழே இருப்பாய்.

கழுத்துக்குத் தொங்குகிற மஃப்ளர் வேண்டாம், கயிற்றில் சிக்கும். குழாய் மாதிரி மாட்டுகிறது இருக்கிறது. தொப்பி காதை மூட வேண்டும். கையுறை மூன்று சோடி கொண்டு போ, ஒன்று கையில், ஒன்று காய, ஒன்று கடலில் விழ.

கேட்டவர்: கல்லடிப் பாலம்

சிறாங்குக் காக்காவுக்கும் மற்ற இரண்டு அண்ணன்மாருக்கும் பெரிய நன்றி. ஜீன்ஸை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். கழக ஜேர்சி இரண்டு எடுத்தாயிற்று, ஒன்றில் முதுகில் பத்தாம் இலக்கம் இருக்கிறது, பரவாயில்லை. மெரினோ ஒரு சோடி அண்ணன் வாங்கி வைக்கிறாராம், மழை உடுப்பு படகில் இரண்டு சும்மா கிடக்கிறதாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அவர்.

ஆசைக்கு நேற்று ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் குழாய்க்குக் கீழே கயிறு இழுக்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி நின்றேன். தோளில் ஒன்றும் போகவில்லை. மணிக்கட்டால் இறங்கின தண்ணீர் அக்குள் வரை வந்துவிட்டது. அம்மா மதிலுக்கு அங்கால் நின்ற மாமியைக் கூப்பிட்டுக் காட்டினா.