ஊரடங்குக்கு முந்தைய வாரங்களில் நீங்கள் பார்த்தது என்ன?

லிஃப்ட்வாசி

கொரோனா என்று பேச்செடுத்தால் எல்லோரும் நேராக ஊரடங்குக் கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு மறக்காதது அதற்கு முந்தைய காலம். வூஹானில் காரணம் தெரியாத நிமோனியா என்ற தகவல் 2019 டிசம்பர் 31 அன்று வெளியே வந்தது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11. நடுவில் ஏறக்குறைய பத்து வாரம். பெரும்பாலான ஊர்களில் அப்போது எந்த உத்தரவும் கிடையாது. யாரைப் பார்த்து ஒதுங்குவது, எதைத் தொடாமல் இருப்பது, யாரை நம்புவது, எல்லாம் ஆளாளுக்கு எடுத்த முடிவு. அந்த வாரங்களிலும், அதை ஒட்டியும் உங்கள் கண்முன் நடந்ததை எழுதுங்கள். ஃபார்வர்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதலில் நான். அலுவலகம் ஒன்பதாவது மாடி. லிஃப்ட்டுக்குள் கூரியர் கொண்டுவந்த பையன் ஒரு தடவை இருமினான். ஒற்றை இருமல்தான். மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் என்னைத் தவிர அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் அவர்களில் ஒருவருக்கும் வேலை இல்லை. கதவு மூடியதும் பையன் என்னைப் பார்த்து, "அட்டைப்பெட்டித் தூசி சார்" என்றான். நான் கேட்கவே இல்லை.

அன்று மதியமே மீட்டிங். வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்திருந்த மேலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார், இடையிடையே தும்மினார். ஜன்னல் இல்லாத ஏசி அறை. ஒருத்தர்கூட நாற்காலியை நகர்த்தவில்லை. மேலாளர் தும்மினால் அது ஜலதோஷம், கூரியர் பையன் இருமினால் அது கொரோனா!

மாத்திரைக்காரன்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஜனவரிக் கடைசியில் முகக்கவசம் போனது, பிறகு சானிடைசர் போனது. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது மாத்திரைக் கதை.

மார்ச் நடுவில் பிரான்சின் மார்சேயிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இதற்குக் கேட்கிறது என்றார்கள். வெறும் 36 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு. அடுத்த சில நாட்களில் டிரம்ப் தொலைக்காட்சியில் அதைப் புகழ்ந்தார். அன்று சாயங்காலமே கடையில் ஆள் வர ஆரம்பித்துவிட்டது. பெயரை வாயால் சொல்ல வரவில்லை, ஃபோனைத் திருப்பிக் காட்டினார்கள். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்டால், "வீட்ல சும்மா வச்சிக்கத்தான் தம்பி" என்று பதில். ஒருவர் குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல், எத்தனை அட்டை இருந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த மாத்திரை அலமாரியில் சும்மா கிடந்த சரக்கு இல்லை. லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்), முடக்குவாதம் உள்ளவர்கள் வருடக்கணக்கில் தினமும் சாப்பிடுவது. எங்களிடம் மாதா மாதம் வாங்கும் ஒரு டீச்சர் உண்டு. லூபஸ். சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். அந்த வாரம் வந்தார். இல்லை என்றேன். மொத்த வியாபாரியிடம் கேட்டேன், அங்கும் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. "யார் வாங்கிட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் தெருக்காரர்கள்தான் பாதிப் பேர். நான் சொல்லவில்லை.

இரவுப்பணி

நர்ஸ். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பிப்ரவரியில் வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் முகக்கவசம் போட்டால் கழற்றச் சொன்னார்கள், நோயாளிகள் மிரண்டுவிடுவார்களாம். மார்ச்சில் போடாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். சொன்னது அதே ஆள்.

ஆனால் எனக்கு ஆஸ்பத்திரியைவிட வீட்டு வாசல்தான் பிரச்சினை. மாடிப்படிக்குப் பக்கத்தில் செருப்பு விடுவது வழக்கம். ஒருநாள் காலை டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்தால் செருப்பு அங்கே இல்லை. நடைபாதையின் அந்தக் கோடியில் கிடந்தது. குச்சியால் தள்ளியிருக்கிறார்கள், குச்சியும் பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. என் செருப்பு அதைத் தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

வீட்டுக்காரர் வந்து, "நீங்க நல்லவங்கதான் சிஸ்டர், குழந்தைங்க இருக்கிற வீடு பாருங்க" என்று இழுத்தார். காலி செய்யச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தாலியில் மக்கள் பால்கனியில் நின்று மருத்துவர்களுக்குக் கைதட்டினார்கள் அல்லவா, அது ஊர் ஊராகப் பரவியபோது இவரும் தட்டினார். குறை சொல்லவில்லை, உண்மையிலேயே மனசாரத் தட்டினார். அவர் தட்டியது தொலைக்காட்சியில் வரும் நர்ஸுக்கு.

வாசல்கேட்

நான் வாட்ச்மேன். நெற்றிக்கு நேரே பிடிக்கிற கருவி கொடுத்தார்கள். டெலிவரிக்கு வருகிறவர், குழாய் ரிப்பேருக்கு வருகிறவர், வேலைக்கு வரும் அம்மாக்கள், எல்லோரையும் நிறுத்திப் பார்க்கணும். குடியிருக்கிறவர்களுக்கு வேண்டாம் என்று உத்தரவு. விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவருக்கும் வேண்டாம். அவர் குடியிருக்கிறவர்.

மேற்குஜன்னல்

வாட்ச்மேன் அண்ணா சொன்னதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. அப்போது நான் ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழி கொரியக் குடும்பத்துப் பெண். பிறந்து வளர்ந்தது அங்கேயே, சீனாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. பிப்ரவரியில் ரயிலில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. "கால் நீட்டிக்கலாம்" என்று முதலில் சிரித்தாள். ஒருநாள் ஒரு பெரியவர் கைப்பையிலிருந்து ஸ்பிரே எடுத்து அவள் இருந்த பக்கமாக அடித்துவிட்டுப் போய் வேறு பெட்டியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பிரான்சில் ஆசிய முகங்கள் உள்ளவர்கள் 'நான் வைரஸ் அல்ல' என்று எழுதிய அட்டையைப் பிடித்துப் படம் போட்டது ஜனவரியிலேயே நடந்தது. அந்த நிலைமை.

எங்கள் விடுதியில் முதலில் காய்ச்சலில் விழுந்தது யார் தெரியுமா? ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போய்வந்த ஒரு பையன். பொன்னிற முடி, எல்லோருக்கும் செல்லம். திரும்பி வந்த அன்று பொது அறையில் எல்லோரையும் கட்டிப்பிடித்தான். ஆஸ்திரியாவின் இஷ்கிள் என்ற பனிச்சறுக்கு ஊரை ஐஸ்லாந்து மார்ச் 5 அன்றே ஆபத்தான இடம் என்று அறிவித்துவிட்டது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கத் தொற்று போனது பிறகு தெரிந்தது. ஆனால் விடுமுறையிலிருந்து வந்தவனைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

மூச்சுப்பயிற்சி

ஃபார்வர்டு வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஃபார்வர்டு நேரிலேயே நடந்தது, அதனால் அனுமதி உண்டு என்று நினைக்கிறேன்.

பத்து நொடி மூச்சை அடக்கினால், இருமல் வராவிட்டால் கொரோனா இல்லை என்று ஒன்று சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? ஏதோ பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரையும் மேலே ஒட்டியிருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குடும்பத்தையே கூடத்தில் வரிசையாக நிறுத்தினார். கையில் ஸ்டாப்வாட்ச். நான் பாஸ், தம்பி பாஸ். அம்மாவுக்கு ஆஸ்துமா, எட்டாவது நொடியில் இருமிவிட்டார். அப்பா முகம் வெளுத்துப் போனது. அம்மா இருமி முடித்துவிட்டு, "முப்பது வருஷமா எனக்கு இது இருக்குங்க" என்றார். அப்பா அப்படியும் ஒரு வாரம் அம்மாவைத் தனி அறையில் படுக்கச் சொன்னார். அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது, அது வேறு விஷயம்.

வீட்டில் நடந்தால் இது சிரிப்பு. வெளியே அப்படி இல்லை. சாராயம் குடித்தால் கிருமி சாகும் என்று நம்பி ஈரானில் மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிரிட்டனில் 5ஜி அலைதான் காரணம் என்று செல்ஃபோன் கோபுரங்களைக் கொளுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் பிப்ரவரியிலேயே மியூனிக்கில் பேசும்போது, நோயோடு மட்டும் அல்ல, பொய்த் தகவல் வெள்ளத்தோடும் போராடுகிறோம் என்றார். அப்பாவுக்கு அதையும் ஃபார்வர்டு செய்து பார்த்தேன். "ரொம்ப சரி" என்று பதில் போட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே வெந்நீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்குள் போய்ச் செத்துவிடும் என்று ஒன்றை அனுப்பினார்.

எதிர்வாதி

எல்லோரும் மக்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் அவர்கள் பக்கமும் பேசுகிறேன்.

பால் பாக்கெட்டிலிருந்து கதவுக் கைப்பிடிவரை துடைத்தார்களே, அது மூடத்தனமா? 2020 மார்ச்சில் வந்த ஆய்வில் பிளாஸ்டிக், எஃகு மேல் வைரஸ் 72 மணி நேரம்வரைகூட இருக்கும் என்றும், அட்டையில் 24 மணி நேரம்வரை என்றும் இருந்தது. படித்தவன் துடைக்காமல் என்ன செய்வான்? தொட்ட பொருளிலிருந்து தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொன்னது 2021 ஏப்ரலில். அதற்குள் எத்தனை பேருக்குக் கைத்தோல் உரிந்துவிட்டது!

முகக்கவசமும் அப்படித்தான். ஆரோக்கியமானவர்களுக்குத் தேவையில்லை என்றார்கள், பிறகு 2020 ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனமே நெரிசலான இடங்களில் போடச் சொன்னது. மார்ச் 28 அன்று இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னதும் அதே நிறுவனம்தான். சொல்ல வேண்டியவர்களே தடுமாறும்போது, மக்கள் கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றைத் துடைக்க முடியாது. கைப்பிடியைத் துடைக்கலாம், கூரியர் பையனை விட்டு இறங்கலாம்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நர்ஸ் அக்கா சொன்ன சாக்பீஸ் கோட்டுக்கு எந்த ஆய்வும் கிடையாது.

சுருதிபேதம்

எதிர்வாதி சார், உங்கள் கட்சிக்கு நான் சாட்சி. எங்கள் சேர்ந்திசைக் குழு மார்ச் முதல் பாதியில் சந்தித்தது. வாசலில் சானிடைசர், கைகுலுக்கல் கிடையாது, பாட்டுத் தாளை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று விதி. எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். அப்புறம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போனால் பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார் என்பதற்காக, வாய் நிறையப் பாடினோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற இடத்தில் மார்ச் 10 அன்று இதே மாதிரிதான் ஒரு குழு இரண்டரை மணி நேரம் பாடியது. அவர்களும் கட்டிப்பிடிக்கவில்லை, சானிடைசர் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டவர்கள் 53 பேர், இறந்தவர்கள் 2 பேர். பல வருடங்களாகச் சேர்ந்து பாடுகிறவர்கள். அந்நியர் யாரும் இல்லை. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. என் பக்கத்தில் நின்று பாடும் அம்மாவுக்கு எண்பது வயது. அன்றைக்கு அவர்தான் ஜன்னலைச் சாத்தினார்.

பழையகணக்கு

இதில் புதுசு ஒன்றும் இல்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வந்ததும் எகிப்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். நாட்டில் ஒருவருக்குக்கூட நோய் கண்டுபிடிக்கப்படாத நேரம் அது. நோய் பரவியதும் மனிதனிடமிருந்து மனிதனுக்கு. பன்றி வளர்த்தவர்கள் கெய்ரோவில் குப்பை பொறுக்கும் ஏழைகள். குப்பையில் கிடக்கும் உணவைத் தின்று தீர்த்தவை அந்தப் பன்றிகள்தான், அவை போனபின் கெய்ரோ தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது.

1918 காய்ச்சலுக்கு ஸ்பெயின் பெயர் ஒட்டியதும் இப்படித்தான். போரில் சேராத நாடு என்பதால் அங்கே பத்திரிகைகள் மறைக்காமல் எழுதின, எழுதியவர்கள் தலையிலேயே நோயைக் கட்டிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1919 ஜனவரியில் முகக்கவசத்தை எதிர்த்துச் சங்கமே வைத்தார்கள்.

லிஃப்ட்வாசி

எல்லோருக்கும் நன்றி. கேட்டது பயத்தைப் பற்றி, வந்ததெல்லாம் யாரிடம் பயப்படவில்லை என்பதைப் பற்றி. மேலாளர், பனிச்சறுக்குப் பையன், குடியிருப்பவர், கூடப் பாடுகிறவர். சரி, மாத்திரைக்காரன் தம்பி, அந்த டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போய்விட்டீர்களே.

மாத்திரைக்காரன்

மன்னிக்கணும், கடையில் கூட்டம். டீச்சருக்கு மாத்திரை கிடைக்கச் சில வாரம் ஆனது. அதுவரை, கையில் இருந்ததை டாக்டரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார். மூட்டு வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் இருந்ததாகச் சொன்னார். ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று அந்த மாத்திரையால் கொரோனா நோயாளிகளுக்குப் பயன் இல்லை என்றது, அமெரிக்காவும் ஜூன் 15 அன்று கொடுத்திருந்த அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதற்கப்புறம் எங்கள் கடைக்குச் சரக்கு தாராளமாக வந்தது.

இன்னொன்று. குரலைத் தாழ்த்திக் கேட்டார் என்று சொன்னேனே, அவர் ஜூலையில் வந்தார். கையில் பிரிக்காத அட்டைகள், ஒரு பை நிறைய. வேறு கடையில் வாங்கியிருக்கிறார். திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றார். வெளியே போன மருந்தைத் திரும்ப வாங்கக் கூடாது, சட்டம் அப்படி என்றேன். "அப்போ இதை என்னதான் பண்றது?" என்று என்மேல் கோபப்பட்டுவிட்டுப் போனார்.