உள்ளங்கை வேர்வைக்கு ஆபரேஷன் வரைக்கும் போகணுமா?

கொழிஞ்சாம்பாறைப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். வயது 23. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இரண்டு உள்ளங்கையும் உள்ளங்காலும் வேர்க்க ஆரம்பித்தது. பாலக்காட்டு மார்ச் வெயிலில் எல்லாருக்கும்தான் வேர்க்கும், அது வேறு. எனக்கு ஃபேனுக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல் நுனியிலிருந்து சொட்டும். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன், கேள்வித்தாள் தமிழிலேயே கிடைக்கிறது, படிப்பில் பயமில்லை, ஓ.எம்.ஆர். விடைத்தாளைத் தொடத்தான் பயம். கைக்குட்டையை மடித்துக் கைக்கு அடியில் கொடுத்துத்தான் வட்டத்தைக் கருப்பாக்குகிறேன், அப்படியும் தாளின் ஓரம் நைந்துவிடுகிறது. ரேஷன் கடை மெஷின் என் விரலை எடுக்கவே எடுக்காது, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா உடம்புச் சூடு என்று நன்னாரியும் வெந்தயமும் கொடுக்கிறார். கோவையில் விசாரித்தபோது ஆபரேஷன் செய்தால் ஒரே நாளில் நின்றுவிடும் என்றார்கள். நகையை அடகு வைத்தாவது செய்யலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?

சித்தூர் அக்கா (நர்ஸ்):
முதலில் ஒன்று சொல் தங்கச்சி, தூங்கும்போது கை காய்ந்திருக்கிறதா? சின்ன வயதில் தொடங்கி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்து, தூக்கத்தில் நின்றுபோனால் பெரும்பாலும் அது ஹைப்பர்ஹைட்ரோசிஸ், அதாவது அளவுக்கு மீறிய வேர்வை. கையில் கோளாறு இல்லை, சூடும் இல்லை, வேர்வைச் சுரப்பியைத் தூண்டும் நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வீட்டில் வேறு யாருக்காவது இருக்கலாம், கேட்டுப் பார். ராத்திரியில் உடம்பு முழுக்க நனைகிறது, எடை குறைகிறது, படபடப்பு என்றால் கதை வேறு, தைராய்டு, சர்க்கரை, காசநோய் எல்லாம் பார்க்க வேண்டும். எப்படியும் ஒரு தைராய்டு டெஸ்ட் எடுத்துக்கொண்டு ஸ்கின் டாக்டரைப் பார்.

வழக்கமாக முதலில் தருவது 20 சதவீத அலுமினியம் குளோரைடு. படுக்கப் போகும்போது தடவி, காலையில் கழுவ வேண்டும். கை நன்றாகக் காய்ந்திருக்கணும், ஈரத்தில் தடவினால் எரியும், அரிக்கும், நிறையப் பேர் அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். அக்குளுக்கு நன்றாகக் கேட்கும். உள்ளங்கைத் தோல் தடிமன், கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கும்.

பொள்ளாச்சிக்காரன்:
எனக்கும் இதே கைதான். லோஷன் போதவில்லை, ஐயன்டோஃபோரெசிஸ் மெஷினில்தான் நின்றது. பேருக்குப் பயப்படாதீங்க. இரண்டு தட்டில் தண்ணீர், அதில் கை, லேசான மின்சாரம், 15, 20 மில்லிஆம்பியர்தான், சுருசுருவென்று இருக்கும். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போல, ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று நாள், கை காய ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒரு நாள். நிறுத்தினால் திரும்ப வந்துவிடும், அதனால் பொறுமை வேணும். மோதிரம், வளையல் கழற்றிடுங்க, வெட்டுக்காயம் இருந்தால் வாசலின் தடவுங்க, மெஷின் ஓடும்போது சட்டென்று கையை வெளியே எடுக்காதீங்க, ஷாக் அடிக்கும். பேஸ்மேக்கர், உடம்பில் உலோகத் தகடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. தண்ணீரில் உப்பு இருந்தால்தான் மின்சாரம் ஓடும், நம்ம பக்கத்து போர்த்தண்ணீர் அதுக்கு நல்லாவே ஆகும். ஃபில்டர் தண்ணீர் வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரியில் செய்து பாருங்க, கேட்டால் பிறகு மெஷின் வாங்கலாம்.

வேலந்தாவளம்:
நான் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவன். நெஞ்சுக்கூட்டுக்குள் சின்ன ஓட்டை வழியாகப் போய், முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்பை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். கை உடனே காய்ந்தது, அது உண்மை, இன்றைக்கும் காய்ந்தே இருக்கிறது. ஆனால் அந்த வேர்வை முதுகுக்கும் வயிற்றுக்கும் தொடைக்கும் போய்விட்டது. ஏப்ரலில் பைக்கில் கோவை போய் இறங்கினால் சட்டையைப் பிழியலாம், மாற்றுச்சட்டை இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. இப்படி ஆவது நிறையப் பேருக்கு நடக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்கவும் முடியாது. அதனால் தங்கச்சி, ஆபரேஷனைக் கடைசியில் வை. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்:
எல்லாருக்கும் நன்றி. தூங்கும்போது கை காய்ந்துதான் இருக்கிறது அக்கா, அத்தைக்கும் இப்படித்தானாம், இதுவரை யாரும் வெளியே சொன்னதில்லை. வேர்வை நிற்க மாத்திரை, ஊசி இருக்கிறது என்கிறார்களே? தேர்வு அடுத்த மாதம்.

சித்தூர் அக்கா:
இருக்கிறது. உள்ளங்கையில் போடாக்ஸ் ஊசி போட்டால் சில மாதம் நிற்கும், ஆனால் அங்கே குத்தினால் வலியில் உயிர் போகும், மரத்துப்போக வைத்துத்தான் போடணும், செலவும் அதிகம், பிடி கொஞ்ச நாள் தளரலாம், எழுதுகிற கைக்கு இப்போது வேண்டாம். மாத்திரை கிளைகோபைரோலேட், டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிலருக்குப் பார்வை மங்கும். உடம்பு முழுக்க வேர்வையைக் குறைப்பதால் வெயிலில் அலைந்தால் உடம்பு சூடேறி மயக்கம் வரலாம், நம்ம ஊரில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் கவனம். டாக்டர் தந்தால் தேர்வுக்கு முன்பே ஒரு நாள் போட்டு, வீட்டில் உட்கார்ந்து மாதிரித் தாள் எழுதிப் பார். முதல் மாத்திரையைத் தேர்வு அன்றைக்குப் போடாதே, எழுத்து மங்கினால் கை காய்ந்தும் பிரயோஜனம் இல்லை.