ஏ.சி. ஓடினால் எம்.சி.பி. விழுகிறது, சாக்கெட்டும் கருகுகிறது: 32 ஆம்பியர் மாற்றலாமா?

மாடிவீடு_திருச்சி

வணக்கம். மாடி படுக்கையறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏ.சி., ஸ்டெபிலைசர் வழியாக. டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு எம்.சி.பி.கள் எல்லாம் இருக்கும் பெட்டி) சாக்கெட் வரை 18 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், சுவருக்குள் பைப்பில். எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) 20 ஆம்பியர், சி டைப் (ஸ்டார்ட்டிங்கில் வரும் திடீர் கரண்டைச் சற்றுப் பொறுக்கும் வகை). ராத்திரி ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் கழித்து எம்.சி.பி. விழுகிறது. கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினால் நிற்கிறது, பிறகு மறுபடியும் விழுகிறது. 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகிவிட்டது. வந்த எலக்ட்ரீஷியன் "லோடு தாங்கவில்லை, 32 போட்டால் விழாது" என்கிறார். போடலாமா?

கம்பிக்காரர்

போடவே போடாதீங்க. 32 போட்டால் விழாது, அது உண்மைதான். அதனால்தான் ஆபத்து.

எம்.சி.பி. காவல் காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் தொடர்ந்து தாங்குவது 18 முதல் 20 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கலாம். 46 ஆம்பியர் போனாலும் கீழே விழ ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. ஒயரில் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 20 தாங்கும் ஒயரில் 46 போனால் ஐந்து மடங்குக்கு மேல் சூடு. பி.வி.சி. உறையின் எல்லை 70 டிகிரி. சாக்கெட்டும் 16 ஆம்பியருக்குச் செய்தது. 32 வேண்டுமென்றால் 6 ஸ்கொயர் ஒயர் இழுத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லுங்க: அந்த லைனில் கீசர், அயர்ன் பாக்ஸ் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? விழுவது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்)? விழுந்ததும் எம்.சி.பி. முகம் சூடாக இருக்கிறதா? பழுப்பான ஓட்டை எது?

மாடிவீடு_திருச்சி

அந்த லைனில் ஏ.சி. மட்டும்தான். ஆர்.சி.சி.பி. விழவில்லை. எம்.சி.பி. தொட்டால் நன்றாகவே சூடு, பக்கத்தில் இருப்பவை சாதாரணமாக இருக்கின்றன. எதிரே நின்று பார்த்தால் இடது பக்க ஓட்டை பழுப்பு. ராத்திரி ஸ்டெபிலைசர் 175 வோல்ட் காட்டும். ஏ.சி. லேபிளில் 7.5 ஆம்பியர், அதிகபட்சம் 10 என்று இருக்கிறது.

ஓம்_விதி

கணக்கு போட்டுவிடலாம். 175 வோல்ட்டை ஸ்டெபிலைசர் 230 ஆக ஏற்றினால், சுவர் பக்கம் இழுக்கும் கரண்ட் அதே விகிதத்தில் கூடும். 7.5 × 230 ÷ 175, ஏறக்குறைய 10 ஆம்பியர். ஏ.சி. முழு வேகத்தில் 10 இழுத்தாலும் சுமார் 13தான் வரும். 20 ஆம்பியர் எம்.சி.பி. 22.6 வரை ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த அளவு 30 டிகிரிக்குச் சொன்னது; டிபி பாக்ஸ் 50 டிகிரியில் வெந்தாலும் 18க்குப் பக்கத்தில் நிற்கும். ஆக, லோடு அதிகமாகி விழவில்லை.

எம்.சி.பி.க்குள் இருக்கும் பைமெட்டல் பட்டை சூட்டில் வளைந்து விழ வைக்கிறது. சூடு கரண்டிலிருந்து வந்ததா, லூசான ஸ்க்ரூவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து விழுகிறது, ஆறினால் நிற்கிறது, அது ஒன்று மட்டும் சுடுகிறது. டெர்மினல் லூஸ் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. எம்.சி.பி.யே பழுதாகவும் இருக்கலாம். திறந்து பார்த்தால் தெரியும்.

சாக்கெட் கதை தனி. எர்த் ஓட்டை மேலே இருந்தால் வலது ஃபேஸ், இடது நியூட்ரல். உங்களுக்குக் கருகுவது நியூட்ரல். அந்த இணைப்பில் 0.2 ஓம் மின்தடை வந்துவிட்டால் 10 ஆம்பியரில் 20 வாட் சூடு, ஒரு ஸ்க்ரூ முனையில். சாலிடரிங் அயர்ன் அளவு. ஆனால் கரண்ட் கூடவில்லை, எர்த்துக்குக் கசியவும் இல்லை. அதனால் எம்.சி.பி.க்கும் தெரியாது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. 32 போட்டால் உங்களிடம் இருக்கும் ஒரே எச்சரிக்கையும் போய்விடும்.

பேனல்_போர்டு

திறப்பதற்கு முன் இரண்டு விஷயம். மெயின் ஆஃப் செய்தால் போதாது, வீட்டு யு.பி.எஸ். இருந்தால் அதையும் ஆஃப் செய்யணும், இல்லையென்றால் லைட் லைன் வழியாக டிபி பாக்ஸில் உயிர் இருக்கும். அடுத்தது, நியான் டெஸ்டரை நம்பாதீங்க. மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு பாயிண்டில் வைத்து வேலை செய்கிறதா பாருங்க, பிறகு மெயினை இறக்கி ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றும் பூஜ்யமா பாருங்க. மெயின் சுவிட்சுக்கு மேல் பக்கம் (மீட்டரிலிருந்து வரும் ஒயர்) எப்போதும் உயிரோடுதான் இருக்கும், அதைத் தொடாதீங்க. த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தால் மெயின் ஆன் இருக்கும்போது நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டை) ஸ்க்ரூவை யாரும் தளர்த்தக் கூடாது. நியூட்ரல் விட்டுப்போனால் சில அறைகளில் 400 வோல்ட் வரை ஏறி டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போகும். பழக்கம் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஆளை வைத்தே திறங்க.

பார்க்க வேண்டியது மூன்று இடம்: எம்.சி.பி.யின் கீழ் ஸ்க்ரூ, நியூட்ரல் லிங்க், சாக்கெட்டின் பின்பக்கம்.

மாடிவீடு_திருச்சி

வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்த்தாச்சு. எம்.சி.பி. ஸ்க்ரூவுக்கு அடியில் ஒயரின் உறையும் சேர்ந்து மாட்டியிருந்தது, செம்பில் பாதிதான் பிடி. நியூட்ரல் லிங்க்கில் ஏ.சி. நியூட்ரலும் இன்னொரு மெல்லிய ஒயரும் ஒரே ஓட்டையில். சாக்கெட்டில் நியூட்ரல் ஒயர் இழைகள் சிலவற்றை வெட்டிவிட்டு நுழைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் நீளத்துக்குச் செம்பு கருப்பு, உறை தொட்டால் உடைகிறது. முனையை வெட்டி மறுபடி மாட்டினால் போதுமா?

கம்பிக்காரர்

செம்பு பளிச்சென்று சிவப்பாகவும் உறை வளைத்தால் வளையும்படியும் இருக்கும் இடம்வரை வெட்டணும். கருத்த செம்பைச் சுரண்டி மாட்டினால் மறுபடி சுடும். வெட்டியபின் பெட்டிக்குள் 10 செ.மீ. மிச்சம் இருந்தால் அதே ஒயர் போதும். நீளம் இல்லையென்றால் டேப் சுற்றி ஒட்டுப்போட்டுச் சுவருக்குள் தள்ளாதீங்க. புது ஒயர் இழுங்க.

2.5 ஸ்கொயர் வீட்டு ஒயரில் பொதுவாக 0.3 மி.மீ. இழை 36 இருக்கும். எட்டை வெட்டினால் அந்த முனையில் அது 2 ஸ்கொயர்கூட இல்லை. ஓட்டைக்குள் போகவில்லையென்றால் பின் லக் (ஒயர் முனையில் மாட்டும் ஊசி போன்ற உலோக முனை) போட்டு க்ரிம்ப் செய்யணும், அதாவது கருவியால் நசுக்கி இறுக்கணும். ஈயம் பூசாதீங்க, ஸ்க்ரூ அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி மறுபடி லூசாகும். ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயர். தடியும் மெல்லியதும் சேர்த்தால் ஸ்க்ரூ தடியைத்தான் பிடிக்கும்.

சாக்கெட், ப்ளக் இரண்டையும் மாற்றுங்க. சூடேறிய பித்தளை இதழ் பிடிப்பை இழந்திருக்கும், புது ப்ளக்கையும் கருக்கிவிடும். முடிந்தால் 20 ஆம்பியர் மெட்டல் கிளாட் (உலோக உறை போட்ட) ஏ.சி. பாக்ஸ் போட்டுவிடுங்க.

பேனல்_போர்டு

புதுசு இழுப்பதென்றால் 4 ஸ்கொயர் போடுங்க. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் 4. நியூட்ரலை 2.5ல் இழுத்து மிச்சம் பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதே கரண்ட்தான் அதிலும் திரும்புகிறது.

ஓம்_விதி

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 18 மீட்டருக்கு 2.5ல் போக வர 36 மீட்டர், 0.29 ஓம். 10 ஆம்பியரில் இழப்பு 3 வோல்ட், ஒயர் சூடானால் மூன்றரை. 4 ஸ்கொயரில் அது 2 வோல்ட். 175 வரும் வீட்டில் இந்த ஒன்றரை வோல்ட் எதையும் மாற்றாது. பழைய ஒயர் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்து எம்.சி.பி.யை 16 ஆம்பியர் சி டைப்பாக்கினால் ஒயருக்கும் சாக்கெட்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாக வேகம் பிடிக்கும், ஸ்டார்ட்டிங்கில் 16 விழாது. எப்படியும் புதுசு இழுக்கிறார்கள், பைப்பில் இடம் இருக்கிறது என்றால் 4 போடட்டும், தப்பில்லை.

கம்பிக்காரர்

சரிதான். கடையில் வெட்டி வாங்கினால் ஒரு சோதனை: 4 ஸ்கொயர் 36 மீட்டரில் செம்பு மட்டுமே 1.25 கிலோவுக்கு மேல் இருக்கணும். உறையோடு சேர்த்தே அதற்குக் கீழ் நின்றால் இழை மெலிசு, அல்லது அலுமினியத்தில் செம்பு முலாம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்க. உறையில் ஐ.எஸ். 694 அச்சு இருக்கணும். எஃப்.ஆர். என்றால் தீ பரவாது, எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் புகையும் குறைவு, அவ்வளவுதான். அதற்காகக் கூடுதல் ஆம்பியர் ஏற்றக் கூடாது.

பேனல்_போர்டு

இழுத்து முடித்தபின், ஏ.சி. நியூட்ரலை அதன் ஆர்.சி.சி.பி.க்குரிய நியூட்ரல் லிங்க்கிலேயே மாட்டச் சொல்லுங்க. வேறு லிங்க்கில் மாட்டினால் ஏ.சி. போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும், அப்புறம் "ஏ.சி.யில் கசிவு" என்று அலைவீங்க. எம்.சி.பி. ஸ்க்ரூவை அதன்மேல் போட்டிருக்கும் முறுக்கு அளவுக்கு இறுக்கி, ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்க்கணும். ஏ.சி.யை ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, டிபி பாக்ஸில் கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் மீட்டர்) கரண்ட், பிறகு டிபியிலும் சாக்கெட்டிலும் வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்க. இரண்டுக்கும் வித்தியாசம் 4 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 8, 10 என்று காட்டினால் இன்னும் ஓர் இணைப்பு லூஸாக இருக்கிறது.