600 மீட்டர் இலக்குத் துப்பாக்கிக்குச் சேஸியா, ஃபைபர் ஸ்டாக்கா?

என்னுடைய துப்பாக்கி .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவைச் சுடுவது; ரெமிங்டன் 700 துப்பாக்கியின் அளவை ஒத்த, தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறியான ஆக்‌ஷனும் 26 அங்குலக் கனத்த பேரலும் (குழல்) கொண்டது. மர ஸ்டாக்கில் (பொறியையும் குழலையும் தாங்கும் உடல்) பொருத்தி, மூன்று ஆண்டுகளாகப் படுத்த நிலையில் 600 மீட்டர் சுட்டு வருகிறேன். சென்ற மழைக்காலம் முதல், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் குண்டு படும் இடம் 0.3 மில் (கோண அளவு), அதாவது 600 மீட்டரில் 18 சென்டிமீட்டர், வலப்பக்கம் நகர்கிறது. காற்று உலர்ந்ததும் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

ஸ்கோப்பையும் வளையங்களையும் மாற்றினேன், ஒரே தொகுதித் தோட்டாக்களையே சுட்டேன், ஆக்‌ஷன் திருகுகளை முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் முறுக்கினேன், எபாக்சி பெட்டிங்கும் (பொறி அமரும் இடத்தைப் பிசினால் இறுக்கமாக நிரப்புவது) புதிதாகச் செய்தாயிற்று. பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே தாளை நுழைத்து இழுத்தபோதுதான் காரணம் புரிந்தது: உலர்ந்த நாளில் தடையின்றி ஓடும் தாள், மழை நாளில் ஸ்டாக்கின் முன்முனைக்கு நான்கு விரற்கடை உள்ளே, இடப்பக்கம் சிக்கிக் கிழிகிறது. பேரல் அமரும் பள்ளத்தை உப்புத்தாளால் அகலப்படுத்தி வார்னிஷ் பூசியதும் இரண்டு மாதமே தாங்கியது.

ஆகவே மரத்தைக் கைவிடுகிறேன். ஸ்டாக்குக்குப் பதிலான உலோகச் சட்டமான அலுமினியச் சேஸியில் கன்னத் தாங்கியையும் நீளத்தையும் எளிதில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குளிர்ந்த உலோகத்தில் கன்னம் வைப்பது எனக்கு ஒவ்வாது என்பது ஒருபுறமிருக்க, பைபாடும் (இருகால் தாங்கி) ஸ்கோப்பும் சேர்த்து, நெடுந்தொலைவுச் சுடும் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவுக்கான 8.25 கிலோ வரம்புக்குள் நிற்க வேண்டும். திருகுகளைச் சுற்றி உலோகத் தூண் பதித்த ஃபைபர் கிளாஸ் ஸ்டாக் எடை குறைந்தது, என் கைக்கும் பழகிய வடிவம்.

ஒரே ஆக்‌ஷனை இவ்விரண்டிலும் பொருத்திச் சுட்டவர்கள் கூறுங்கள்: மழையிலும் வெயிலிலும் ஜீரோ (குறிக்கும் குண்டு படும் இடத்துக்குமான பொருத்தம்) நகராமல் நின்றது எதில்?