கோழித் தீவனத்தில் கோலிஸ்டின்: தடை நியாயமா?

பண்ணைக்காரன்:
கோழி, மீன், தீவனம் எதிலும் கோலிஸ்டின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகிறதாம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஊரெல்லாம் இருக்க, பழி மட்டும் கோழி மேலா? கோழிக் குடலில் உள்ள கிருமி கோழியோடு போகிறது.

மருந்தாளுநர்:
கிருமி போகலாம், மரபணு போகாது. சீனாவில் பன்றி ஒன்றின் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையில், கோலிஸ்டினை எதிர்த்து நிற்கவைக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டதாக 2015 நவம்பரில் அறிவித்தார்கள். அது இருந்தது குரோமோசோமில் அல்ல, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில். ஒரு பாக்டீரியா அடுத்ததை ஒட்டிக்கொண்டு வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். தன்னிடமும் ஒன்று இருக்கும். இனம், குலம் பார்ப்பதில்லை. ஈ.கோலையிலிருந்து கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவுக்கும் போகும்.

பண்ணைக்காரன்:
அதே ஆய்வை நானும் படித்தேன், ஐயா. அந்த மரபணு விலங்கு மாதிரிகளில் 21%, பச்சை இறைச்சியில் 15%, நோயாளிகளிடம் வெறும் 1%. இதற்கா இவ்வளவு கூச்சல்?

மருந்தாளுநர்:
அந்த ஏற்ற இறக்கம்தானே சாட்சி! மருந்து கொட்டிய இடத்தில் அதிகம், மற்ற இடத்தில் குறைவு. அந்த நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் விட்டதால் வந்ததும் அல்ல. சீன மருத்துவமனைகளில் அப்போது கோலிஸ்டின் வழக்கத்திலேயே இல்லை. 2017இல் தீவனத்தில் நிறுத்தினார்கள். பிறகு பன்றிகளிடமும் மனிதர்களிடமும் எம்சிஆர்-1 குறைந்தது.

பனிப்பாறை:
இருவரும் வீணாகச் சண்டையிடுகிறீர்கள். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டு உறைமண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. பண்ணையும் இல்லை, மருந்துக் கடையும் இல்லை. இயற்கையைத் தடை செய்ய முடியுமா?

மருந்தாளுநர்:
இருந்தது என்பது வேறு, பெருகியது என்பது வேறு. மருந்து இல்லாத இடத்தில் அந்த மரபணுவால் பெரிய ஆதாயம் இல்லை. பல நேரம் சுமைதான். தீவனத்தில் தினமும் கொஞ்சம் கலந்தால் என்ன ஆகும்? ஒரு கோழி கூடத் தின்னும், ஒன்று குறையத் தின்னும். அரைகுறை அளவில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்து, எதிர்ப்புள்ளவை இடம் பிடிக்கும். நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவதை நான் குறை சொல்லவில்லை. எடை கூடுவதற்காகக் கலப்பதைத்தான் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு எடுப்பது கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள்.

பண்ணைக்காரன்:
சரி, எங்களுக்குத் தடை. செஃபிக்சிம் மாதிரி பாக்டீரியாக்கொல்லி மருந்தை விற்றால் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் எச்-1 பட்டியல் மருந்துகளுக்கான தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் சட்டம் இருக்கிறதே, மருந்தாளுநரே. உங்கள் கடைப் பதிவேட்டில் கடைசி வரி எந்தத் தேதி?