மூணாவது தெரு குழு: சொத்து வரி நோட்டீஸ்

செயலாளர், காலை 7:12
வணக்கம். நம்ம தெருவுல அஞ்சாறு வீட்டுக்கு சென்னை மாநகராட்சியோட சொத்து வரி திருத்த நோட்டீஸ் வந்திருக்கு. வந்தவங்க ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க. அசெஸ்மென்ட் நம்பரை (வரிக் கணக்கு எண்) மறைச்சுடுங்க.

கடைசி வீட்டு அண்ணன், 7:20
யாருமே கட்டக்கூடாது. 2022ல ஏத்தினாங்க, 2024ல 6 சதவீதம், இப்ப அளவை மாத்தி இன்னொரு தடவை. தெருவே சேர்ந்து நிறுத்தினாத்தான் உறைக்கும். வாங்குற காசுக்கு ரோட்டைப் பாருங்க, கால்வாயைப் பாருங்க.

பொருளாளர் மேடம், 7:31
அண்ணா, கோபம் நியாயம்தான். ஆனா கட்டாம நின்னா நஷ்டம் நமக்கு. அக்டோபர் 31க்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை (அதிகபட்சம் 5,000 ரூபாய்). கட்டாம நிலுவை வெச்சா மாசம் 1 சதவீதம் வட்டி. பழைய தொகையில சண்டை இல்லைன்னா அதைக் கட்டிடுங்க. கூடுதல் தொகையையும் கேட்டே தீருவோம்னா, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்"னு மனுவுல எழுதி, ரசீது நகலை இணைச்சுக் கட்டுங்க. கட்டிட்டதால ஒத்துக்கிட்டீங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

கடைசி வீட்டு அண்ணன், 7:33
அப்ப 6 சதவீதத்தை அப்படியே விட்டுடணுமா?

பொருளாளர் மேடம், 7:40
விடக்கூடாது. ஆனா அதை கவுன்ட்டர்ல கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வருஷா வருஷம் 6 சதவீதம், இல்லேன்னா மாநில உற்பத்தி வளர்ச்சியோட 5 வருஷ சராசரி, இதுல எது அதிகமோ அதுன்னு விதியே இருக்கு. 15வது நிதிக் குழு, மத்திய அரசு மானியம் வேணும்னா சொத்து வரி வசூல் மாநில வளர்ச்சியோட சேர்ந்து ஏறணும்னு நிபந்தனை வெச்சது. அதை கவுன்சிலர்கிட்டயும் மாமன்றத்துலயும்தான் எதிர்க்கணும். 1998க்கு அப்புறம் 2018 வரைக்கும் சும்மா இருந்துட்டு, 2018ல ஏத்தி, 2019 நவம்பர்ல நிறுத்தி வெச்சு, 2022ல ஒரேயடியா போட்டதுதான் ஜனங்களைக் கொன்னுது. ஆனா நம்ம நோட்டீஸ்ல இருக்கிற தப்பு வேற. அது அளவுத் தப்பு. அதை மனு குடுத்தே திருத்தலாம்.

பிளாட் 7 தம்பி, 7:52
மேடம், எங்களுக்கு 1,240 சதுர அடின்னு போட்டிருக்கு. பிளான்ல 1,165தான். 75 அடிக்கு இவ்வளவு வித்தியாசமா?

பொருளாளர் மேடம், 8:05
அடி கம்மிதான் தம்பி, ஆனா ஸ்லாப் (வரி அடுக்கு) மாறிடுச்சு. 2011ல சென்னையோட சேர்ந்த நம்ம மாதிரி பகுதிக்கு 2022 உயர்வு: 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதுக்கு மேல 100 சதவீதம். (பழைய சென்னைக்கு 50, 75, 100, 150.) 1,200ஐத் தாண்டின அடிக்கு மட்டும் இல்ல, மொத்த வரிக்கும் அந்த சதவீதம்.
உதாரணத்துக்கு பழைய அரையாண்டு வரி 1,600ன்னு வைங்க. 50 சதவீதம் ஏறினா 2,400, அதுமேல 6 சதவீதம், 2,544. 75ன்னா 2,800, அப்புறம் 2,968. அரையாண்டுக்கு 424 ரூபாய் கூடுதல். பரப்பு கூடினதால ஏறுற அடிப்படை வரி தனி. மெட்ரோவாட்டர் (குடிநீர் வாரியம்) வரியும் ஆண்டு மதிப்புல 7 சதவீதம்ங்கறதால பரப்புத் தப்பு அங்கேயும் போய் உட்காரும்.

இன்ஜினியர் சார், 8:14
மொட்டைமாடியில ஷீட் போட்டிருக்கீங்களா தம்பி? இந்த அளவு ட்ரோன்ல எடுத்ததா இருக்கும், அது மேலேருந்து கூரையைத்தான் பார்க்கும். நாலு பக்கமும் திறந்திருக்கா, சுவர் இருக்கான்னு அதுக்குத் தெரியாது.

பிளாட் 7 தம்பி, 8:15
ஆமா சார், துணி காயப்போட ஒரு ஷீட் இருக்கு.

இன்ஜினியர் சார், 8:27
அதேதான். நாலு பக்கத்துலேருந்தும் போட்டோ எடுங்க. 30 மீட்டர் டேப்ல வெளிச்சுவர்லேருந்து வெளிச்சுவருக்கு அளக்கணும், உள்பக்கம் அளந்தா ஒத்துக்க மாட்டாங்க. மாடி மாடியா தனித்தனி ஸ்கெட்ச். டேப் நம்பர் தெரியற மாதிரி மூலையில ஒரு போட்டோ. பத்திரத்துல இருக்கிற யுடிஎஸ்ங்கறது பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதைக் கட்டிட அளவுன்னு எழுதிடாதீங்க.

வீடு 22 அக்கா, 8:34
எங்க வீட்டையே வணிகம்னு போட்டுட்டாங்க. முன்னாடி சின்ன தையல் கடை வாடகைக்கு விட்டிருக்கோம், அவ்வளவுதான்.

பொருளாளர் மேடம், 8:41
அக்கா, கடை எத்தனை அடி, வீடு எத்தனை அடின்னு பிரிச்சு எழுதி, உபயோகத்தைத் தனித்தனியா மதிப்பிடச் சொல்லுங்க. வீட்டு மீட்டருக்குக் கட்டண வகை 1ஏ, கடை மீட்டருக்கு 5ன்னு இபி பில்லுலயே இருக்கும். ரெண்டு பில்லும் வைங்க. வீட்டு உபயோகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.
எல்லாருக்கும்: தெருவுக்கு ஒரே மனு குடுக்காதீங்க. அசெஸ்மென்ட் எண் வாரியாத்தான் கோப்பு ஓடும், பொது மனு எந்தக் கோப்புலயும் சேராம கிடக்கும். பிளான் நகல், கடைசி ரசீது, ஸ்கெட்ச், போட்டோ இணைங்க. நோட்டீஸ்ல போட்ட கெடுவுக்குள்ள தபால் பிரிவுல குடுத்து, நம்ம நகல்ல தேதியோட சீல் வாங்கணும். பில் கலெக்டர் கையில வெறுமனே குடுத்தா நாளைக்கு "வரவே இல்லை"ம்பாங்க.

கடைசி வீட்டு அண்ணன், 8:50
சரி. வாங்குற வரியை எங்க கொட்டுறாங்கன்னு யாரு கேக்குறது? போன வருஷம் போட்ட ரோடு பேர்த்துக்கிட்டு நிக்குது.

இன்ஜினியர் சார், 9:08
அண்ணே, அதைத்தான் விடக்கூடாது. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும். "ஏன் தரமில்லை"ன்னு கேட்டா தட்டிக் கழிப்பாங்க, ஆவணத்தைத்தான் கேக்கணும்: எஸ்டிமேட், பணி ஆணை, எம்-புக் (வேலையை அளந்து எழுதுற அளவுப் புத்தகம்) பக்கங்கள், பில் தொகை. அதோட பிரிவு 2(ஜே)படி பணியைப் பார்வையிடவும், பொருளோட சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அனுமதி கேளுங்க.
எம்-புக் வந்ததும் கனத்தைப் பாருங்க. 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 30 மி.மீ. கனம்னா 30 கன மீட்டர் தார்க் கலவை. ரோட்டுல 20 மி.மீ.தான் இருந்தா 20 கன மீட்டர். மூணுல ஒரு பங்குக் காசு போச்சு. மில்லிங் எழுதியிருக்கான்னும் பாருங்க. பழைய மேல்பரப்பை சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021 மே மாசமே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கு. சுரண்டாமலே போட்டா ரோடு ஏறும், மழைத் தண்ணி நம்ம வாசலுக்கு வரும்.

வீடு 22 அக்கா, 9:12
நம்ம ரோட்டுல சுரண்டவே இல்லை சார். வாசப்படி ஒண்ணு முழுகியே போச்சு.

இன்ஜினியர் சார், 9:15
அந்தப் படியை அளந்து போட்டோ எடுத்து வைங்கம்மா. எம்-புக்ல மில்லிங் இருந்தா அதுதான் பதில்.

பொருளாளர் மேடம், 9:24
அந்த எம்-புக் நகலோட பகுதி சபைக்கு (நம்ம பகுதி மக்கள் கூட்டம்) போகலாம். 2022 நவம்பர் 1ல பம்மல்ல முதல்வரே உட்கார்ந்து தொடங்கி வெச்ச சபைதான். வெறும் கையோட போனா குறை கேட்டு அனுப்பிடுவாங்க. தாளோட போனா நடவடிக்கைக் குறிப்புல ஏத்தச் சொல்லலாம், நகலும் கேக்கலாம்.

கடைசி வீட்டு அண்ணன், 9:30
ஆர்டிஐ நான் போடறேன். வரியும் கட்டிடறேன், ஆட்சேபம்னு எழுதியே.

செயலாளர், 9:36
நன்றி அண்ணே. ஞாயிறு காலை 7 மணிக்கு பிளாட் 7லேருந்து அளக்க ஆரம்பிக்கிறோம். இன்ஜினியர் சார் டேப் கொண்டு வர்றார். நோட்டீஸ் வந்த வீட்டுக்காரங்க பிளான் நகலை எடுத்து வைங்க. பிளான் தொலைஞ்சவங்க இப்பவே சொல்லுங்க.