அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் திரையில் கோடும் நடுக்கமும்: பேனல் போய்விட்டதா, லினக்ஸ் கோளாறா?

கேட்டவர்:
எல்லோருக்கும் வணக்கம். உபுண்டு 24.04, 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போன வாரம் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து திரை சரியில்லை. வீடியோ ஓடும்போது ஒன்றுமே தெரியாது. ஒரு பிடிஎஃப்-ஐத் திறந்து வைத்துப் படிக்க உட்கார்ந்தால்தான் தொல்லை. கீழ்ப்பாதியில் குறுக்குக் கோடுகள் மின்னி மறைகின்றன. டைப் செய்த எழுத்து, மவுஸை அசைத்த பிறகுதான் திரைக்கு வருகிறது. கடையில் காட்டினேன், "டிஸ்ப்ளே போயிடுச்சு, பேனல் மாத்தணும்" என்றார்கள். வாரண்டியும் முடிந்துவிட்டது. காசைக் கொட்டுவதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்கிறேன். ஃபார்மட் செய்து மறுபடி இன்ஸ்டால் பண்ணினால் சரியாகுமா?

முதல் பதில்:
பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் நோமோட்செட் போடுங்க ப்ரோ. எனக்கு அதில்தான் திரையே வந்தது.

இரண்டாம் பதில்:
நோமோட்செட் இவருக்கு வேண்டாம். திரை முழுக்கக் கறுப்பாகி உள்ளே நுழையவே முடியாதபோது ஒரு தடவை பூட் செய்யத்தான் அது. அதைப் போட்டால் கிராபிக்ஸ் டிரைவரே வேலை செய்யாது. வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடியாது, வீடியோ பாரமெல்லாம் பிராசஸர் தலையில் விழும். கோடு போனது போலத் தெரியும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும்.

நண்பரே, ஃபார்மட்டும் வேண்டாம், பேனலும் வேண்டாம், இப்போதைக்கு. கோளாறு எங்கே என்று முதலில் பார்த்துவிடுவோம். கோடு மின்னும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஃபோனிலும் ஒரு படம் எடுங்கள். ஃபோன் படத்தில் கோடு இருந்து ஸ்கிரீன்ஷாட்டில் இல்லையென்றால், கம்ப்யூட்டர் வரைந்த படம் சுத்தமாக இருக்கிறது, பேனலுக்குப் போகும் வழியில்தான் கெடுகிறது. அடுத்து, பயாஸ் செட்டப்புக்குள் (லினக்ஸ் தொடங்கும் முன்பே திறக்கும் லேப்டாப்பின் அமைப்புத் திரை) போய் ஐந்து நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். அங்கே லினக்ஸே இல்லை. அங்கேயும் கோடு வந்தால், அல்லது மூடியை முன்பின் சாய்க்கும்போது கோடு மாறினால், கேபிளோ பேனலோதான். கடைக்காரர் சொன்னது சரியாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. உபுண்டு முந்தைய கெர்னலை உடனே அழித்துவிடாது. பூட் ஆகும்போது எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டினால் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருக்கிறது. பயாஸில் கோடு இல்லை, மூடியை ஆட்டினாலும் வரவில்லை. ஆனால் எஸ்கேப்பைத் தட்டினால் மெனு வராமல் கறுப்புத் திரையில் "கிரப்>" என்று வந்து நிற்கிறது. இனி பூட் ஆகுமா?

இரண்டாம் பதில்:
ஆகும், பயப்பட வேண்டாம். எஸ்கேப் கூடுதலாக விழுந்தால் அப்படித்தான் நிற்கும். அங்கேயே 'நார்மல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டி, உடனே எஸ்கேப்பை ஒரு தடவை மட்டும் தட்டுங்கள்.

கேட்டவர்:
மெனு வந்துவிட்டது. பழைய கெர்னலான 6.11-இல் மாலை முழுக்க வேலை பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. புதிய 6.14-க்குத் திரும்பினால் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது.

இரண்டாம் பதில்:
அப்போ பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. பிஎஸ்ஆர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்பார்கள். திரையில் படம் மாறாமல் நிற்கும்போது, பேனலுக்குள் இருக்கும் சின்ன மெமரியே அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், கிராபிக்ஸ் சிப் கண்ணயரலாம். பேட்டரி மிச்சம். இதன் இரண்டாம் வகையில், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவார்கள். எழுப்பும் நேரமோ அனுப்பும் பகுதியோ பிசகினால் நீங்கள் சொன்ன அதே அறிகுறிகள்தான் வரும். வீடியோவில் படம் மாறிக்கொண்டே இருப்பதால் பிஎஸ்ஆர் ஓய்வுக்கே போவதில்லை, அதனால் அங்கே தொல்லை இல்லை. மவுஸை அசைத்ததும் எழுத்து தெரிவதும் இதனால்தான்.

தற்காலிகமாகச் சோதியுங்கள். கிரப் மெனுவில் 6.14 மேல் நின்று 'இ' எழுத்தைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியில், கொயட் ஸ்பிளாஷுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10. (ஃபோனில் தமிழ்க் கீபோர்டில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள்.) இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். தப்பானாலும் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

வேறொருவர்:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். எனக்கும் அப்டேட்டுக்குப் பிறகுதான். என்விடியா கார்டு, இப்போது வெளி மானிட்டரே தெரியவில்லை. ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று வந்தது, கன்டினியூ கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் பதில்:
உங்களுடையது வேறு கதை. கையெழுத்து சரிபார்க்கப்படாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் இருப்பதால், என்விடியா டிரைவரில் போட்ட கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்யத்தான் அந்த நீலத்திரை. அடிஷனல் டிரைவர்ஸில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை மறுபடி போடுங்கள், அது கேட்கும் பாஸ்வேர்டை நினைவில் வையுங்கள். நீலத்திரை வந்ததும் என்ரோல் எம்ஓகே-வைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். திரை சில விநாடிதான் காத்திருக்கும்.

கேட்டவர்:
0 போட்டுப் பார்த்தேன், கோடு சுத்தமாக நின்றுவிட்டது! ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்குமோ?

இரண்டாம் பதில்:
கொஞ்சம் இறங்கும். அதனால் 0-வுக்குப் பதில் 1 போட்டுப் பாருங்கள். முதல் வகை பிஎஸ்ஆர் இருக்கும், இரண்டாம் வகை மட்டும் நிற்கும். அதிலும் கோடு வந்தால் 0-தான் வழி.

கேட்டவர்:
1-லேயே சரியாக இருக்கிறது. பிடிஎஃப்-ஐத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன், அசையாமல் நிற்கிறது. நிரந்தரமாக எப்படி வைப்பது?

இரண்டாம் பதில்:
டெர்மினலில் சூடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/கிரப். அதில் கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்ற வரியில், மேற்கோள் குறிக்கு உள்ளேயே ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=1 என்று சேருங்கள். வெளியே போனால் வேலைக்காகாது. சேமித்துவிட்டு சூடோ அப்டேட்-கிரப், அப்புறம் ரீஸ்டார்ட். கேட் /ப்ராக்/சிஎம்டிலைன் அடித்தால் உங்கள் வரி உள்ளே ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த கெர்னல்களுக்கும் இது தானாகவே பொருந்தும். ஆறு மாதம் கழித்துப் புதிய கெர்னல் வரும்போது, கிரப் மெனுவில் 'இ' தட்டி அந்தச் சொல்லை மட்டும் அழித்து ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். கோடு வராவிட்டால் கோப்பிலிருந்தும் எடுத்துவிடலாம்.

கேட்டவர்:
செய்துவிட்டேன், வரி ஏறியிருக்கிறது. பேனலுக்கு ஆர்டர் போட வேண்டாம் என்று கடைக்கும் சொல்லிவிட்டேன்.